இல்லத்துக் கழிவும் குடும்பச் சிக்கனமும்

குடும்பத்தின் வருவாயைப் பெருக்குவது எல்லோருக்கும் எளிதில் கைகூடுவதன்று. பருவமழையும் சந்தை விலையும் கூலி வேலையும் குடும்பத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டவை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருள் எத்தனை முறை பயன்பட்ட பின்னர் வீட்டை விட்டு வெளியேறுகிறது என்பதைக் குடும்பமே தீர்மானிக்க முடியும். ஒரு முறை பயன்பட்டுக் குப்பையில் சேரும் பொருளுக்கும், மூன்று முறை பயன்பட்டு இறுதியில் பழைய பொருள் வியாபாரியிடமோ எருக்குழியிலோ சேரும் பொருளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, மாத இறுதியில் கையில் எஞ்சும் பணத்தில் வெளிப்படும்.

இவ்வுண்மையை ஆராய்வதற்கு ஏற்ற இடங்களுள் ஒன்று ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்திலுள்ள கங்காதர நெல்லூர் வட்டாரம். தமிழக எல்லைக்கு அண்மையில் அமைந்த இப்பகுதி, 1953-இல் ஆந்திர மாநிலம் உருவாகும் வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. தெலுங்கும் தமிழும் இங்கு அருகருகே வழங்குகின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபோதும் கங்காதர நெல்லூர் சித்தூர் மாவட்டத்திலேயே நீடித்தது. நிலக்கடலை, கரும்பு, மா, கறவை மாடு ஆகியவையே சித்தூர் வட்டாரத்து வேளாண் குடும்பங்களின் ஆதாரம். சிக்கனத்தின் முதற்பாடம் இப்பயிர்களிலேயே அடங்கியுள்ளது.

நிலம் கற்பித்த பாடம்

நிலக்கடலையை எடுத்துக்கொள்வோம். பருப்பு எண்ணெய்க்குச் செல்கிறது. எண்ணெய் பிழிந்த பின் எஞ்சும் புண்ணாக்கு மாட்டுக்குத் தீவனமாகிறது. கொடி உலர்ந்த பின் அதுவும் தீவனமே. உடைத்த தோல் அடுப்பெரிக்க உதவுகிறது. கரும்பிலும் இதே முறையைக் காணலாம். சாறு பிழிந்தபின் கிடைக்கும் சக்கையை வெயிலில் உலர்த்தி, அச்சாற்றையே வெல்லமாகக் காய்ச்சும் அடுப்புக்கு எரிபொருளாக இடுகின்றனர். அடுப்பிலிருந்து வரும் சாம்பல் வயலுக்குச் செல்கிறது. வெல்லம் காய்ச்சுவோர் விறகைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருப்பின், அத்தொழிலில் மிஞ்சுவது மிகக் குறைவாகவே இருக்கும்.

கோடையில் புளியைக் கொட்டை நீக்கிச் சேமித்து வைக்கும் வீடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. பழத்தின் சதை சமையலுக்கு, கொட்டை வியாபாரிக்கு. புளியங்கொட்டையின் பருப்பை அரைத்துப் பெறும் மாவு, நெசவாலைகளில் நூலுக்குக் கஞ்சியிடப் பயன்படுகிறது. ஆகவே வீட்டுத் திண்ணையில் ஒதுக்கப்படும் கொட்டைக்கும் தொலைவிலுள்ள ஆலையில் தேவை இருக்கிறது.

இவை அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உள்ளது. சக்கை தனியாக, தோல் தனியாக, கொட்டை தனியாக இருப்பதனால்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் கிடைக்கிறது. இவற்றை ஒன்றாகக் கலந்து கொட்டினால் அடுப்புக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது, ஆலைக்கும் ஆகாது. ஒரு பொருளைக் கழிவாக ஆக்குவது பெரும்பாலும் கலப்பே எனலாம்.

எருக்குழியில் நேர்ந்த மாற்றம்

ஒரு தலைமுறைக்கு முன்னர் கிராமத்து வீட்டின் குப்பையைப் பிரிக்க வேண்டிய தேவை எழவில்லை. சாணம், சாம்பல், காய்கறித் தோல், வாழையிலை, ஓலை, கிழிந்த பருத்தித் துணி ஆகிய யாவும் மக்கும் பொருள்களே. அவற்றை ஒரே குழியில் கொட்டினாலும் ஆண்டு முடிவில் நல்ல எரு கிடைத்தது. பொருள் மாறியது, பழக்கம் மாறவில்லை. பாலித்தீன் பையும், ஷாம்பு உறையும், தின்பண்டப் பொட்டலமும், தேய்ந்த பேட்டரியும் இன்று அதே குழியில் விழுகின்றன. அந்த எருவை வயலுக்கு எடுத்துச் செல்லும் உழவர், அதனுடன் மக்காத தாள்களையும் நிலத்தில் பரப்ப நேர்கிறது. மண்ணில் புதையும் பாலித்தீன் நீர் இறங்குவதையும் வேர் பரவுவதையும் தடுக்கிறது.

இதனினும் கொடிய இழப்பு கறவை மாட்டுக்கு ஏற்படுவது. எஞ்சிய சோற்றையும் காய்கறித் தோலையும் பையில் கட்டி எறியும்போது, மாடு உணவின் மணத்தை நாடிப் பையோடு சேர்த்து விழுங்கிவிடுகிறது. பாலித்தீன் செரிப்பதில்லை. அது மாட்டின் முதல் இரைப்பையில் தங்கி, கயிறு, துணி போன்றவற்றோடு பின்னி, நாளடைவில் பெரிய உருண்டையாகத் திரள்கிறது. தீவனத்துக்கு இடம் குறைகிறது, மாடு இளைக்கிறது, பால் வற்றுகிறது. முற்றிய நிலையில் வயிற்றைத் திறந்து அறுவை செய்வதன்றி வேறு வழியில்லை. ராயலசீமையிலேயே, புட்டபர்த்தியைச் சேர்ந்த கருணா சங்கம் என்னும் விலங்கு நல அமைப்பு, இவ்வாறு பாதிக்கப்பட்ட மாடுகளின் நிலையை 2012-இல் உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டு சென்றது.

பால் விற்று வாழும் குடும்பத்துக்குக் கறவை மாடே மூலதனம். ஒரு வீட்டார் கட்டி எறியும் பை, அடுத்த வீட்டாரின் மூலதனத்தை அழிக்கக் கூடும். எனவே வீட்டுக் கழிவைப் பிரித்து வைப்பது தூய்மையை மட்டும் பொறுத்த செய்தியன்று; கிராமத்தின் பொருளாதாரத்தையும் பொறுத்ததாகும்.

பிரித்தால் விலை

பிரிப்பதனால் மதிப்புக் கூடும் என்பதற்கு அருகிலுள்ள திருமலையே சிறந்த சான்று. அடியார்கள் முடி காணிக்கை செலுத்துவது நெடுங்கால வழக்கம். அம்முடியைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நீளத்துக்கு ஏற்பப் பல தரங்களாகப் பிரித்து, மின்னணு ஏலத்தில் விற்பனை செய்கிறது. நீண்ட முடிக்கும் குட்டை முடிக்கும் விலையில் பெரும் வேறுபாடு உண்டு. அண்மை ஆண்டுகளில் தேவஸ்தானத்தின் வரவு செலவுத் திட்டத்தில் இவ்வருவாய் ஆண்டுக்கு 100 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. அனைத்தையும் ஒரே குவியலாக விற்றால் இத்தொகை கிட்டாது. அவ்வாறே, கோயில்களில் பூசைக்குப் பயன்பட்ட மலர்களைக் கொண்டு ஊதுவத்தி தயாரிக்கும் திட்டத்தைத் தேவஸ்தானம் 2021 செப்டம்பரில் தொடங்கியது. மலர்கள் பிற குப்பையோடு கலவாமல் தனியே சேர்க்கப்பட்டதனாலேயே இது இயன்றது.

இல்லத்திலும் இதே விதி பொருந்தும். நாளிதழ், அட்டைப் பெட்டி, கண்ணாடிப் புட்டி, இரும்பு, அலுமினியம், செம்பு, கெட்டியான பிளாஸ்டிக் என ஒவ்வொன்றுக்கும் பழைய பொருள் வியாபாரியிடம் தனித்தனி விலை உண்டு. தாள் நனைந்தால் விலை குறைகிறது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் வாங்கவே மறுக்கப்படுகிறது. பால் உறையைக் கழுவி உலர்த்தி அடுக்கி வைத்தால் அது சரக்கு. கழுவாமல் எறிந்தால் ஈ மொய்க்கும் குப்பை. ஒரு சொம்புத் தண்ணீரும் இரண்டு நிமிட உழைப்புமே இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்.

உலோகங்களைச் சேர்த்து வைப்பதில் நாட்டுக்கும் பெரும் நன்மை உண்டு. தாதுவிலிருந்து அலுமினியத்தைப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 95 விழுக்காடு, பழைய அலுமினியத்தை உருக்கிப் பயன்படுத்தும்போது மிச்சமாகிறது. நசுங்கிய ஒரு பாத்திரத்துக்கு வியாபாரி பணம் தர முன்வருவதற்குக் காரணம் இதுவே.

சமையலறைக் கழிவு

இந்திய இல்லங்களின் கழிவில் ஏறக்குறைய சரிபாதி மக்கும் தன்மையுடையது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் நாளொன்றுக்கு ஒரு கிலோ காய்கறித் தோலும் எஞ்சிய உணவும் சேர்வதாகக் கொள்வோம். ஓராண்டில் அது 365 கிலோ. முறையாக மக்கவைத்தால் இதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 90 கிலோ, எருவாகக் கிடைக்கும். வீட்டுத் தோட்டத்துக் கீரை, கத்தரி, முருங்கை, வாழை ஆகியவற்றுக்கு அது போதுமானது.

மக்கவைக்கும் முறை எளிது. அடியில் துளையிட்ட பழைய மண்பானையோ உடைந்த பிளாஸ்டிக் வாளியோ போதும். அடியில் உலர்ந்த இலைகளைப் பரப்பி, அதன்மேல் சமையலறைக் கழிவையும் உலர்ந்த இலையையும் மாற்றி மாற்றி இட வேண்டும். பிழிந்த துணியில் இருக்கும் அளவுக்கு ஈரம் இருத்தல் நலம். வாரம் ஒரு முறை கிளறிவிட்டால் காற்று உட்புகும். துர்நாற்றம் வீசினால் ஈரம் மிகுந்து காற்றுக் குறைந்துவிட்டது என்று பொருள். உலர்ந்த இலையைக் கூடுதலாகச் சேர்த்தால் சீராகும். இரண்டு மூன்று மாதங்களில் கழிவு கறுத்து, மண்வாசனையுள்ள எருவாகிவிடும். புளித்த மாவையும் மிளகாய்த் தூளையும் குப்பையில் இடுவோர் உண்டு. அவையும் இதில் மக்கும். இறைச்சி, மீன், மிகுந்த எண்ணெய் ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது.

மாடுகள் உள்ள வீட்டில் சாண எரிவாயு இன்னும் பெரிய சேமிப்பைத் தரும். சாணத்தை வரட்டியாக எரித்தால் வெப்பம் மட்டுமே கிடைக்கிறது. பயிருக்கு வேண்டிய நைட்ரஜன் புகையோடு போய்விடுகிறது. கலனில் கரைத்து ஊற்றினால் எரிவாயுவும் கிடைக்கிறது, எருவும் கிடைக்கிறது. நம் நாட்டில் இதன் வளர்ச்சி நெடியது. ஜஷ்பாய் படேல் 1950-களில் மிதக்கும் மூடியுடைய கலனை வடிவமைத்தார். பின்னர் கதர் கிராமத் தொழில் ஆணையம் அதைப் பரப்பியது. 1978-இல் செங்கல்லாலான ஜனதா கலனும், 1984-இல் அதனினும் செலவு குறைந்த தீனபந்து கலனும் வந்தன. 1981-82-இல் தேசிய சாண எரிவாயு வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசிய உயிரி ஆற்றல் திட்டத்திலும் சிறு கலன்களுக்கான உதவி இடம்பெற்றது.

இதன் கணக்கையும் காண்போம். ஒரு மாடு நாளொன்றுக்கு 10 கிலோ சாணம் தருவதாகக் கொண்டால், நான்கு மாடுகளிடமிருந்து 40 கிலோ கிடைக்கும். ஒரு கிலோ சாணத்திலிருந்து ஏறக்குறைய 0.04 கன மீட்டர் வாயு உண்டாகும். ஆகவே நாளொன்றுக்கு 1.6 கன மீட்டர் வாயு பெறலாம். இது சுமார் 0.7 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு. அதாவது, இருபது நாளில் 14.2 கிலோ எடையுள்ள ஒரு சிலிண்டரின் பயனைச் சாணமே அளித்துவிடும். கட்டுத்தறியில் நிற்கும் மாடுகளும், நாள்தோறும் கரைத்து ஊற்றும் ஒழுங்கும், போதிய நீரும் இருந்தால்தான் இக்கணக்கு மெய்ப்படும். கட்டிய கலன்கள் பல இடங்களில் பயனற்றுப் போனமைக்கு இவற்றுள் ஏதேனும் ஒன்று குறைந்ததே பெரும்பாலும் காரணம்.

துணியும் தாளும் தண்ணீரும்

பழைய புடவைகளை அடுக்கித் தைத்துப் போர்வையாகவும் விரிப்பாகவும் பயன்படுத்துவது தென்னிந்தியக் கிராமங்களின் வழக்கம். ஆந்திரத்தில் இதனைப் 'பொந்த' என அழைப்பர். பருத்திப் புடவை முதலில் உடை, பின்னர் குழந்தைக்குத் தூளி, அதன்பின் போர்வை, இறுதியில் கைப்பிடித் துணியும் துடைப்பான் துணியும். கால்சட்டையின் கால் பகுதியை வெட்டி ஓரம் தைத்தால் உறுதியான கடைப்பை கிடைக்கும். நாளொன்றுக்கு மூன்று பாலித்தீன் பைகளைத் தவிர்க்கும் வீடு, ஓராண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பைகளைத் தன் எருக்குழிக்கு வராமல் தடுக்கிறது.

இவ்வழக்கமே பெரிய அளவில் ஓர் இயக்கமாகவும் வளர்ந்துள்ளது. 1999-இல் தில்லியில் அன்ஷு குப்தா நிறுவிய கூஞ்ச் என்னும் அமைப்பு, நகரங்களில் உபரியாகக் கிடக்கும் துணிகளைத் திரட்டி, கிராமத்து மக்கள் தம் ஊருக்காகச் செய்யும் பொதுப்பணிக்கு ஈடாக அவற்றை வழங்குகிறது. பயன்பட்ட பருத்தித் துணியிலிருந்து பெண்களின் மாதவிலக்குக் காலத்துக்கான துணிப் பட்டைகளையும் தயாரிக்கிறது. குப்தாவுக்கு 2015-இல் மகசேசே விருது வழங்கப்பட்டது.

தாளுக்கும் மறுவாழ்வு உண்டு. பழைய தாளை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்த கூழைப் பாத்திரத்தின் மேல் அப்பி உலர்த்திக் கூடை செய்வதும், மூங்கில் முறத்தின் இடுக்குகளை அக்கூழால் அடைப்பதும் மூத்த பெண்கள் அறிந்த கலை. வெந்தயம் பசையாக உதவுகிறது. அச்சிட்ட தாளின் மை உணவில் சேரலாகாது. ஆதலின் இக்கூடைகளில் நூல், ஊசி, பொத்தான் போன்றவற்றை வைப்பதே தக்கது.

தண்ணீரிலும் இம்முறை பின்பற்றத்தக்கது. அரிசி களைந்த நீரையும் கஞ்சியையும் கழுநீர்த் தொட்டியில் சேர்த்து மாட்டுக்கு வைப்பது பழைய வழக்கம். குளியலறை நீரை வாழைக்கும் தென்னைக்கும் திருப்பிவிடலாம். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி உள்ள வீடுகளில் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு அதனினும் மிகுதியான நீர் வெளியேற்றப்படுவதுண்டு. அதில் உப்பு மிகுந்திருக்குமாதலால் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றாமல், தரை துடைக்கவும் கழிவறையைத் தூய்மை செய்யவும் பயன்படுத்தலாம்.

சிக்கனத்தின் எல்லை

எல்லாப் பொருளையும் மீண்டும் பயன்படுத்தலாம் என்று கருதுவது தவறு. சில சிக்கனங்கள் மருத்துவச் செலவில் முடியும். பூச்சிமருந்துக் குப்பியை எவ்வளவு கழுவினாலும் அதில் எண்ணெயோ நீரோ வைக்கலாகாது. பெயிண்ட் டப்பாவும் அவ்வாறே. பலமுறை பொரித்துக் கறுத்த எண்ணெயை மீண்டும் சமையலுக்குப் பயன்படுத்துவது தீங்கானது. பொரித்த எண்ணெயில் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதனைப் பயன்படுத்தலாகாது என்னும் விதி, 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் அதனை அளந்து பார்க்க இயலாது. எனவே முதல் முறை பொரித்தபின் எஞ்சும் எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிதத்துக்குப் பயன்படுத்தித் தீர்த்துவிடுவதே முறை. வடையையும் போண்டாவையும் அச்சிட்ட நாளிதழில் வைத்து உண்பதும் தவிர்க்கத்தக்கது.

தண்ணீர் காய்ச்சப் பிளாஸ்டிக்கை அடுப்பில் இட்டு எரிப்பது மற்றொரு தீய பழக்கம். குறிப்பாக, பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் என்னும் நச்சு வெளிப்படுகிறது. அடுப்பருகே இருக்கும் பெண்களும் குழந்தைகளுமே அதை முதலில் சுவாசிக்கின்றனர். செம்புக் கம்பியின் உறையை எரித்து நீக்குவதும் இதைப் போன்றதே. உறையைச் சீவி எடுப்பதே நல்லது. தேய்ந்த பேட்டரி, உடைந்த குழல்விளக்கு, காலாவதியான மருந்து ஆகியவற்றைத் தனியே சேர்த்து, உள்ளாட்சியின் சேகரிப்பில் ஒப்படைக்க வேண்டும்.

ஒன்றுபட்ட முயற்சி

மக்குவன, மக்காதன, தீங்கு தருவன என வீட்டிலேயே கழிவை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வலியுறுத்தின. 2017-இல் நாடு முழுவதும் நடைபெற்ற தூய்மைக் கணக்கெடுப்பில் திருப்பதி ஒன்பதாம் இடத்தைப் பெற்றது. நாள்தோறும் பல்லாயிரம் யாத்திரிகர் வந்து போகும் நகரம் இவ்விடத்தைப் பெற்றமை, சிற்றூர்களுக்கும் நம்பிக்கை அளிக்கத்தக்கது.

தனி வீட்டில் ஒரு மாதத்தில் சேரும் பழைய பொருள்கள் சில கிலோவுக்குள் அடங்கும். அதற்காக வியாபாரி தொலைவிலிருந்து வரமாட்டார். தெருவிலுள்ள வீடுகள் யாவும் ஒன்றாகச் சேர்த்து விற்றால் எடையும் கூடும், விலை பேசும் வலிமையும் கூடும். சத்தீஸ்கரின் அம்பிகாபூரில் 2015-இல் தொடங்கிய திட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. அந்நகரின் 48 வார்டுகளிலும் மகளிர் சுயஉதவிக் குழுவினர் வீடு வீடாகச் சென்று கழிவைத் தனித்தனியே பெற்று, மேலும் பல வகைகளாகப் பிரித்து விற்பனை செய்து வருவாய் ஈட்டினர். குப்பைமேடாக இருந்த இடம் பூங்காவாயிற்று. இத்திட்டத்துக்கு வழிகாட்டியவர் வேலூரைச் சேர்ந்த சி. சீனிவாசன். கங்காதர நெல்லூருக்கு அண்டை ஊரான வேலூரில் உருவான முறை தொலைவிலுள்ள நகரத்தை மாற்றியுள்ளது. 'டுவாக்ரா' என்னும் பெயரால் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே மகளிர் குழுக்கள் அறிமுகமான ஆந்திரக் கிராமங்களுக்கு இத்தகைய கூட்டு முயற்சி புதிதன்று. சிறுசேமிப்பையும் கடனையும் நிருவகித்துப் பழகிய குழுக்கள், பழைய பொருள்களின் விற்பனையையும் திறம்பட நடத்த இயலும்.

இவை எதற்கும் பெரும் முதலீடு வேண்டியதில்லை. சமையலறையில் ஒரு மூடியுள்ள பாத்திரம், தாழ்வாரத்தில் ஒரு சாக்கு, எட்டாத உயரத்தில் தீங்கு தரும் பொருள்களுக்கென ஒரு டப்பா ஆகிய மூன்றும் போதும். முதலாவது நிறைந்தால் எருக்குழிக்கு. இரண்டாவது நிறைந்தால் வியாபாரிக்கு. மூன்றாவது நிறைந்தால் உள்ளாட்சியின் சேகரிப்புக்கு. இப்பழக்கம் வேரூன்றினால் இல்லத்தில் செலவு குறையும். எருவில் பாலித்தீன் இராது. தெருவில் மேயும் மாடு பையை விழுங்காது. கரும்புச் சக்கையையும் கடலைத் தோலையும் வீணாக்காத குடும்பங்களுக்கு, தம் வீட்டுக் குப்பையையும் அவ்வாறே மதிப்பது அரிய செயலன்று.